ஒரு சாய்கோடும் மூன்று கருத்துகளும்



'கணினியும் சமுதாயமும்' என்பது மன்றத்தின் இன்றைய தலைப்பு. தலைப்பு பெரியதுதான். ஆனால் இந்த உரை தொடங்கும் இடம் மிகச் சிறியது. ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு நாசி கண்டார் கடை. சனிக்கிழமை மாலை. மேசையில் இரண்டு தே தாரிக்.

ஒரு நாற்காலியில் பாயான் லெப்பாசில் வேலை செய்யும் இளம் கணினி நிரலாளர். எதிரே, தமிழ்ப்பள்ளியில் அவருக்கு ஆறாம் ஆண்டு பாடம் சொல்லிக்கொடுத்து, இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்ட ஆசிரியர். இவர்களுக்குப் பெயர் தேவையில்லை. பினாங்கில் எந்தக் கடைக்குப் போனாலும் இப்படி ஓர் இளைஞரையும் இப்படி ஓர் ஆசிரியரையும் பார்க்கலாம்.

ஆசிரியர் தம் பேத்திக்கு இணையம் வழி விமான டிக்கெட் எடுக்கிறார். பேத்தியின் பெயரைக் கடப்பிதழில் உள்ளபடியே எழுதுகிறார். கைத்தொலைபேசி ஏற்க மறுக்கிறது. 'செல்லாத குறியீடு' என்று சிவப்பு எழுத்தில் வருகிறது.

"தம்பி, எழுத்துப் பிழை ஒன்னும் இல்லையே. ஏன் ஏத்துக்க மாட்டேங்குது?"

"அந்த ஏ/பி-யில இருக்கிற சாய்கோட்டை எடுத்துட்டுப் போடுங்க சார். அது சிஸ்டம் பிரச்சினை."

"யாரோட சிஸ்டம் தம்பி?"

நிரலாளர் சிரித்தார். சிரித்துவிட்டு, தே தாரிக் ஆறுவதற்குள் மூன்று கருத்துகளைச் சொன்னார். ஒன்று, மென்பொருளுக்கு அரசியல் கிடையாது. இரண்டு, மனிதனைவிட இயந்திரம் நியாயமானது. மூன்று, வருங்காலத்தை ஏ.ஐ. பார்த்துக்கொள்ளும், மொழியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கடையில் பேசும் பேச்சுதானே என்று இவற்றை விட்டுவிடலாமா? அரசியல்வாதி கடையில் சொல்லும் கருத்து கருத்தாகவே நிற்கும். அது சட்டமாவதற்கு நாடாளுமன்றம் போக வேண்டும். விவாதம் நடக்க வேண்டும். வாக்கெடுப்பு நடக்க வேண்டும். நிரலாளரின் கருத்து அப்படியல்ல. திங்கட்கிழமை காலையில் அவர் எழுதும் ஒரே வரியில் அது விதியாகிவிடும். அதனால் அந்த மூன்று கருத்துகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பது அவசியமாகிறது.

மென்பொருளுக்கு அரசியல் இல்லையா?

முதலில் அந்தச் சாய்கோடு. ஏ/எல் என்றால் அனாக் லெலாக்கி, மகன். ஏ/பி என்றால் அனாக் பெரெம்புவான், மகள். மலேசிய இந்தியர்களுக்குப் பிறப்புப் பத்திரம் முதல் கடப்பிதழ் வரை கூடவே வருவது இந்தச் சாய்கோடு.

கணினிக்கோ சாய்கோட்டின் பொருள் வேறு. இணைய முகவரியில் அது ஒரு பகுதியை இன்னொரு பகுதியிலிருந்து பிரிக்கும் குறி. விமான முன்பதிவு முறையில் குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிக்கும் குறி. அமெரிக்கன் ஏர்லைன்சும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து 'சேபர்' என்ற கணினி முன்பதிவு முறையை இயங்க வைத்தது 1960-களில். அங்கே உட்கார்ந்து திட்டம் போட்டவர்கள் யாருக்கும் மலேசியத் தமிழர் பெயர் எப்படி எழுதப்படும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்கள் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்த பெயர்களை வைத்து ஒரு பெட்டி செய்தார்கள். உலகம் முழுவதும் அதே மாதிரிப் பெட்டிக்குள் அடங்க வேண்டியதாயிற்று.

'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தையும் பாருங்கள். தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கட்டத்தை வெறுமையாக விட்டால் கணினி விடாது. தந்தையின் பெயரைப் போட்டால், விமான நிலையத்தில் மகளைக் கூப்பிடும்போது தந்தை திரும்பிப் பார்ப்பார்.

கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒரு வரிக்கு 44 இடங்கள். முதல் வரியில் பெயருக்குக் கிடைப்பது 39 இடங்கள். அங்கே சாய்கோட்டுக்கு இடமே இல்லை. தந்தைக்கும் பிள்ளைக்கும் நீண்ட பெயராக அமைந்துவிட்டால் கடைசி எழுத்துகள் துண்டிக்கப்படும். பெயர் வைத்த தாய்க்குத் தெரியுமா, எழுத்துக்கும் கோட்டா உண்டு என்று?

இன்னொரு கதை, குறுந்தகவல். ஒரு குறுந்தகவலில் 160 எழுத்துகள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? 1985-இல் ஜெர்மனியின் பான் நகரில் ஃபிரைட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்ற பொறியியலாளர் தட்டச்சு இயந்திரத்தின் முன் அமர்ந்து, தோன்றிய வாக்கியங்களையும் கேள்விகளையும் அடித்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் எத்தனை எழுத்துகள் என்று எண்ணினார். பெரும்பாலும் 160-க்குள் அடங்கின. போதும் என்ற முடிவுக்கு வந்தார். ஒரு மனிதர், ஓர் அறை, ஒரு கருத்து. அதுதான் உலகக் கைத்தொலைபேசிகளின் விதியானது.

அந்த 160 ஆங்கில எழுத்துக்கு. தமிழில் எழுதினால் ஒரு தகவலுக்கு 70 இடங்கள்தான். அதிலும் 'வணக்கம்' என்ற சொல்லைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை எண்ணினால் ஐந்து எழுத்து. கணினி எண்ணினால் ஏழு. காரணம், க் என்பதையும் ம் என்பதையும் எழுத்து ஒன்று, புள்ளி ஒன்று என்று அது இரண்டிரண்டாக எண்ணும். ஆக, வணக்கம் சொல்வதற்கே பத்தில் ஒரு பங்கு இடம் போய்விடுகிறது. நீளமான தகவலை அது இரண்டாக, மூன்றாகப் பிரித்துக் கணக்குப் போடும்போது, தமிழில் எழுதியவர் அதிகக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது.

ஏன் இப்படி எண்ணுகிறது? 1991 அக்டோபரில் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பு, தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஓர் அட்டவணையை ஒதுக்கியது. அந்த அமைப்பு, இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டு எழுத்துக் குறியீட்டுத் தரத்தை அடிப்படையாகக் கொண்டது. இந்தி எழுத்தின் வரிசையை ஒட்டியே தமிழும் அடுக்கப்பட்டது. அதனால் க-வுக்குப் பிறகு மூன்று இடங்கள் காலி. இந்தியில் அங்கே மூன்று எழுத்துகள் உண்டு, தமிழில் இல்லை. தமிழ் நெடுங்கணக்கில் கடைசியாக வரும் ன, அங்கே ந-வுக்கு அடுத்து வந்து உட்கார்ந்திருக்கிறது. வரிசைப்படுத்தத் தனி ஏற்பாடு செய்யாவிட்டால், மாணவர் பெயர்ப் பட்டியல் அகராதிக்கு ஒவ்வாத வரிசையில் வந்து நிற்கும்.

பினாங்கில் 1880-களிலேயே குலாம் காதிறு நாவலர் 'வித்தியா விசாரிணி' என்ற தமிழ் ஏட்டை நடத்தினார். அந்தக் காலத்து அச்சுக்கூடத்தில் எந்த எழுத்து எந்தப் பெட்டியில் இருக்க வேண்டும் என்பதை அச்சுக் கோர்ப்பவர் முடிவு செய்யலாம். இன்றைய எழுத்துப் பெட்டியை அடுக்குபவர்கள் வேறு எங்கோ கூடும் குழுவினர். யாருடைய எழுத்து எந்த இடத்தில், யாருடைய பெயர் எத்தனை இடத்துக்குள் என்று முடிவு செய்வது அரசியல் இல்லையென்றால், வேறு எதுதான் அரசியல்?

இயந்திரம் நியாயமானதா?

இரண்டாவது கருத்துக்கு வருவோம். "மனுஷன் ஆள் பார்ப்பான், இனம் பார்ப்பான் சார். மிஷின் அதெல்லாம் பார்க்காது" என்றார் நிரலாளர். சிறுபான்மைச் சமுதாயத்தில் பிறந்த ஓர் இளைஞர் இப்படி நம்புவதில் வியப்பில்லை. அந்த நம்பிக்கைக்குப் பின்னால் பட்ட வலி இருக்கிறது. அதைக் கேலி செய்யக் கூடாது.

ஆனால் இந்த நாட்டிலேயே நடந்த ஒன்று இருக்கிறது. 2020 பிப்ரவரியில் சபா மாநிலத்தின் கோத்தா கினபாலு நீதிமன்றத்தில், போதைப்பொருள் வைத்திருந்த வழக்கில் தண்டனையைப் பரிந்துரைக்க ஏ.ஐ. மென்பொருள் பயன்படுத்தப்பட்டது. சரவாக் அரசுக்குச் சொந்தமான ஒரு கணினி நிறுவனம் அதை உருவாக்கியது. 2014 முதல் 2019 வரை சபா, சரவாக்கில் நடந்த வழக்குகளே அதற்குப் பாடப் புத்தகம். இறுதி முடிவு நீதிபதியின் கையில்தான் இருந்தது. இருந்தாலும், இது அரசியலமைப்புக்கு ஏற்றதா என்று வழக்கறிஞர் தரப்பு கேள்வி எழுப்பியது.

கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த மென்பொருள் கணக்கில் எடுத்துக்கொள்ளும் விவரங்களிலிருந்து 'இனம்' என்பது நீக்கப்பட்டது. தானாக நீங்கவில்லை, மனிதர்கள் யோசித்து நீக்கினார்கள். இயந்திரம் இனம் பார்க்காது என்பது பாதி உண்மை. பார்க்கச் சொன்னால் பார்க்கும். பார்க்காதே என்றால் பார்க்காது. அதுவும் முழுமையாக அல்ல. இனத்தை நீக்கினாலும் வேலை, வசிக்கும் இடம் போன்ற விவரங்கள் அதே கதையை வேறு வழியில் சொல்லிவிடக்கூடும்.

பிரிட்டனில் நடந்தது இதைவிடக் கொடுமை. அங்கே அஞ்சல் நிலையங்களுக்கு 1999 முதல் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருள் கொடுக்கப்பட்டது. செய்தது ஃபுஜிட்சு நிறுவனம். பல நிலையங்களில் பணம் குறைவதாக அது காட்டியது. இயந்திரம் பொய் சொல்லாது என்று அதிகாரிகள் நம்பினார்கள். நிலையத்தை நடத்தியவர்கள் திருடர்கள் என்று முடிவானது. 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண்மணி 2010-இல் சிறைக்கு அனுப்பப்பட்டபோது கர்ப்பிணி. மென்பொருளில் கோளாறு இருந்ததை 2019 டிசம்பரில்தான் லண்டன் உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டம் 2024-இல் வந்தது. இருபத்தைந்து ஆண்டுகள்!

அத்தனை பேரில் ஒருவர்கூடவா 'கணக்கு தப்பு' என்று சொல்லவில்லை? எத்தனையோ பேர் சொன்னார்கள். கேட்பதற்கு ஆள் இல்லை. இங்கிலாந்து நீதிமன்றங்களில் கணினி சரியாகத்தான் இயங்கியது என்று முதலில் எடுத்துக்கொள்வது வழக்கம். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அஞ்சல் நிலையத்தில் முத்திரை விற்றவர், தாம் பார்த்தே இராத நிரலில் பிழை இருப்பதை எப்படி நிரூபிப்பார்?

ஆசிரியர் இதைக் கடையில் ஒரே வாக்கியத்தில் சொன்னார். "தம்பி, வகுப்புல நான் தப்பா மார்க் போட்டா நீ எழுந்து நின்னு கேட்ப. மிஷின் தப்பா மார்க் போட்டா யார்கிட்ட கேட்கிறது?"

நிரலாளரிடம் பதில் இல்லை.

மொழியை யார் பார்த்துக்கொள்வது?

மூன்றாவது கருத்து, வருங்காலம் பற்றியது. "இப்ப தமிழ்ல கேட்டாக்கூட ஏ.ஐ. தமிழ்லயே பதில் சொல்லுது சார். இனிமே மொழியைப் பற்றி நாம கவலைப்பட என்ன இருக்கு?"

ஆசிரியர் திருப்பிக் கேட்டார். "அதுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த வாத்தியார் யாரு?"

நல்ல கேள்வி. ஏ.ஐ. மொழியைக் கற்பது மனிதர்கள் எழுதி வைத்ததிலிருந்துதான். தமிழ் இலக்கியங்களைக் கணினியில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஊதியம் வாங்காமல் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்தார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதுவும் தன்னார்வலர்களின் உழைப்பே. யாரோ ஒருவர் இரவில் கண்விழித்து எழுதி வைத்ததால்தான், இன்று இயந்திரத்துக்குப் படிக்கத் தமிழ் கிடைக்கிறது.

அப்படியானால் மலேசியத் தமிழ்? காலையில் பார்ப்பவரிடம் 'பசியாறிட்டீங்களா?' என்று கேட்பது இந்நாட்டு வழக்கு. தோட்டப்புறத்தில் பால் மரம் வெட்டியவர்களின் சொற்கள் எத்தனை! கித்தா என்ற சொல்லைச் சென்னைக்காரருக்கு விளக்க வேண்டியிருக்கும். இவற்றை எழுதி வைக்காவிட்டால் எந்த இயந்திரமும் தேடி வந்து கற்றுக்கொள்ளாது. நாளைய பேரப்பிள்ளைக்கு ஏ.ஐ. தமிழ் சொல்லிக் கொடுக்கும். ஆனால் அந்தத் தமிழில் தாத்தாவின் சொல் ஒன்றுகூட இருக்காது.

வருங்காலம் தானாக நல்லபடி அமையும் என்று நம்புவதற்குப் பினாங்கின் வரலாறும் இடம் தரவில்லை. 1969-இல் தீவு தடையற்ற துறைமுகத் தகுதியை இழந்தபோது வேலையில்லாத் திண்டாட்டம் வாட்டியது. முதலமைச்சர் லிம் சோங் இயூவின் ஆட்சியில் பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை உருவானது. 1972-இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை இங்கே தொடங்கியது. இளம் பெண்கள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துத் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைக் கையால் பொருத்தினார்கள். பிறகு அந்த வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. புதிதாகக் கற்றவர்கள் அடுத்த படிக்கு ஏறினார்கள். மற்றவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். எதுவும் தானாக நடக்கவில்லை. யாரோ முடிவு எடுத்தார்கள், யாரோ கற்றுக்கொண்டார்கள், யாரோ விலை கொடுத்தார்கள்.

கருத்தைக் காரியமாக்கிய மலேசியர்

நிரலாளர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. கருத்து சொன்னதோடு நில்லாமல் உட்கார்ந்து செய்து காட்டியவரும் இந்த நாட்டில்தான் இருக்கிறார். அவர் முத்து நெடுமாறன்.

கணினித் திரையில் தமிழைப் பார்ப்பதே அதிசயமாக இருந்த 1980-களின் நடுவில் அவர் 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அதுவே பின்னர் 'முரசு அஞ்சல்' என்று தமிழுலகம் முழுவதும் பரவியது. 2005-இல் 'செல்லினம்' வந்தது. கைத்தொலைபேசியில் தமிழில் குறுந்தகவல் அனுப்ப வழி பிறந்தது. ஆப்பிள் கருவிகளில் உள்ள 'தமிழ் சங்கம் எம்.என்.' என்ற எழுத்துருவின் பெயரில் வரும் எம்.என்., அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தாம். தமிழுக்கு மட்டுமல்ல, வேறு பல இந்திய மொழிகளுக்கும் அவர் எழுத்துரு செய்து கொடுத்திருக்கிறார்.

அவரைப் போன்றவர்கள் செய்த இன்னொரு வேலையும் முக்கியமானது. கூடிப் பேசினார்கள். 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999-இல் சென்னையில் கூடியது. 'தமிழ்99' விசைப்பலகை அங்கிருந்து வந்ததுதான். 2000-இல் 'உத்தமம்' என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. 2001-இல் கோலாலம்பூரில் மாநாடு நடந்தது. அந்த மேடைகளில் சண்டை நடந்தது உண்மை. யூனிகோடு போதுமா, தமிழுக்கு வேறு குறியீடு வேண்டுமா என்று பல ஆண்டுகள் வாதாடினார்கள். 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும், எல்லாத் தமிழ் எழுத்துக்கும் தனி இடம் தரும் 'டேஸ்16' முறையையும் தரமாக அறிவித்தது.

அந்தச் சண்டையைப் பார்த்துச் சலித்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சண்டைதான் மேலே சொன்ன மூன்று கருத்துகளுக்கும் பதில். மென்பொருளில் அரசியல் உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். இயந்திரம் செய்வது தவறாக இருந்தால் தவறு என்றார்கள். வருங்காலத்தை யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விடவில்லை.

பெற்றோர்களே, பிள்ளைகளைக் கணினித் துறைக்கு அனுப்புங்கள். கூடவே இரண்டு கேள்விகளையும் கொடுத்து அனுப்புங்கள். 'இந்தக் கட்டத்துக்குள் அடங்காதவர் யார்?' 'இது தவறினால் பாதிக்கப்பட்டவர் யாரிடம் போய்ச் சொல்வார்?' நிரல் எழுதத் தெரியாத மற்றவர்களுக்கும் வேலை உண்டு. பாரம் பெயரை ஏற்க மறுத்தால் சாய்கோட்டை எடுத்துவிட்டுப் பேசாமல் போகாதீர்கள். இரண்டு வரி எழுதிப் புகார் செய்யுங்கள். பத்துப் பேர் எழுதினால் யாராவது ஒருவர் படிப்பார்.

கடையில் என்ன ஆனது என்று கேட்கலாம். ஆசிரியர் சாய்கோட்டை எடுத்துவிட்டு டிக்கெட்டை வாங்கிவிட்டார். பேத்தி ஊருக்குப் போக வேண்டுமே! நிரலாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தார். தம் நிறுவனத்துக்காகப் போன ஆண்டு அவரே எழுதிய பதிவுப் பாரம் ஒன்று அதில் இருந்தது. பெயர்க் கட்டத்தில் தம்முடைய சொந்தப் பெயரை, அடையாள அட்டையில் உள்ளபடி, ஏ/எல் போட்டு எழுதினார். பொத்தானை அழுத்தினார்.

'செல்லாத குறியீடு' என்று வந்தது.

"சார், இது நான் எழுதின வரி" என்றார்.

"அப்ப நீதானே தம்பி மாத்தணும்" என்றார் ஆசிரியர்.

இன்னொரு தே தாரிக் வந்தது.